பி*57:01 இருந்தால் எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்தலாமா?

ஜனவரி 11, மாலை 6.15 (வாசகர் கேள்வி)

ஒன்பது ஆண்டுகளாக எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சாப்பிடுகிறேன். தொற்றிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தொடங்கினேன். வைரஸ் சுமை, அதாவது ஒரு மில்லி ரத்தத்தில் உள்ள வைரஸ் எண்ணிக்கை, தொடர்ந்து 20க்குக் கீழே. சென்ற வாரம் மருந்தை மாற்றுவதற்காக ஒரு மரபணுப் பரிசோதனை எடுத்தார்கள். 'எச்.எல்.ஏ. பி*57:01: உள்ளது' என்று முடிவு வந்திருக்கிறது. தேடிப் படித்தால், இந்த மரபணு உள்ளவர்கள் மருந்தே இல்லாமல் வைரஸை அடக்கிவிடுவார்கள் என்று இருக்கிறது. அப்படியானால் இத்தனை ஆண்டு மருந்துக்குப் பிறகு என் உடம்பில் வைரஸ் மிச்சமே இருக்காது அல்லவா? நிறுத்திப் பார்க்கலாமா?

ஜனவரி 11, இரவு 9.40

நிறுத்தாதீர்கள். விளக்கமெல்லாம் பிறகு.

அந்தப் பரிசோதனையை எதற்காக எடுத்தார்கள் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அபாகாவிர் என்ற மருந்தைத் தொடங்கும் முன் எடுக்கும் பரிசோதனை அது. பி*57:01 உள்ளவர்களில் பலருக்கு அபாகாவிர் கடுமையான ஒவ்வாமையைக் கொண்டுவரும்: காய்ச்சல், தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல். ஒருமுறை வந்து அடங்கிய பிறகு அதே மருந்தை மீண்டும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. 'உள்ளது' என்ற சொல்லை உங்கள் மருத்துவர் 'அபாகாவிர் கூடாது' என்றுதான் படிப்பார். வைரஸ் இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்பதைப் பற்றி அந்தத் தாள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நான் மருத்துவன் அல்லன். மருந்தில் இருப்பவர்களின் ரத்தத்தில் ஒளிந்திருக்கும் எச்.ஐ.வி.யை அளக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். மருத்துவரிடம் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடாதீர்கள். மற்றதை நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 11, இரவு 11.05

நாளை வரை பொறுக்க முடியவில்லை.

உங்கள் கேள்வியைப் படித்ததும் என் அண்ணன் நினைவுக்கு வந்தார். ஆறு ஆண்டுகள் வைரஸ் சுமை தென்படாத நிலையில் இருந்தவர். மருந்தில்லாமலே வைரஸை அடக்கும் மனிதர்களைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, தானும் அவர்களில் ஒருவராக இருக்கலாம் என்று நம்பி, யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினார். ஏழு வாரம் கழித்து என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்ததால் மடிப்புக் கோடு எண்ணின் குறுக்கே ஓடியிருந்தது. விரித்துத் தடவிப் படித்தேன்: 48,200.

மருந்தை மீண்டும் தொடங்கினார், சில மாதங்களில் பழைய நிலைக்கு வந்தார். ஆனால் அண்ணி பரிசோதனை செய்துகொண்டு முடிவுக்காகக் காத்திருந்த நாட்களை அந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை. அண்ணிக்குத் தொற்று இல்லை என்று வந்தது. வைரஸ் தென்படாத நிலையில் இருக்கும்வரை உடலுறவின் மூலம் தொற்று பரவாது. மருந்தை விட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

ஜனவரி 12, காலை 7.20

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எச்.ஐ.வி. தன் மரபுச் செய்தியை நம் சிடி4 என்ற நோய் எதிர்ப்புச் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் தைத்துவிடுகிறது. மாத்திரைகள் புதிய செல்கள் தொற்றப்படுவதைத் தடுக்கும். ஏற்கெனவே தைக்கப்பட்டதைப் பிரிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. தொற்றிய செல்களில் பெரும்பாலானவை செத்துவிடும். சில மட்டும் ஓய்வு நிலைக்குப் போய் நினைவுச் செல்களாகத் தங்கும். நினைவுச் செல்லின் தொழிலே நெடுநாள் வாழ்வதுதான். சின்ன வயதில் வந்த நோயை முதுமையிலும் அடையாளம் காண்பது அதனால்தான். அந்த நெடு ஆயுளில் வைரஸும் பங்கு கேட்கிறது. 1997இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதைக் காட்டின. ஓய்விலிருக்கும் சிடி4 செல்களில் ஏறக்குறைய பத்து லட்சத்துக்கு ஒன்றிலிருந்து, தூண்டினால், முழு வைரஸ் எழுந்து வருகிறது. ஒன்பது ஆண்டுகள் 20க்குக் கீழே இருந்தாலும் அந்த ஒன்று இருக்கும்.

இப்படி ஒளிந்திருக்கும் வைரஸின் மொத்தத்துக்குத் தமிழில் 'தேக்கம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. தேக்கம் என்றால் ஒரே இடத்தில் நிற்கும் நீர், மதகைத் திறந்தால் வடிந்துவிடும். இதுவோ நிணநீர்க் கணுக்கள், குடல், ரத்தம் என்று உடல் முழுக்கச் சிதறிக் கிடப்பது. 'பதுக்கம்' என்று வைத்துக்கொள்கிறேன். கீழே அந்தச் சொல்தான் வரும்.

ஜனவரி 14, இரவு 8.30

"அப்படியென்றால் பி*57:01 பற்றிப் படித்ததெல்லாம் பொய்யா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பொய் இல்லை. மருந்து எடுக்காதவர்களைப் பற்றிய உண்மை அது.

எச்.எல்.ஏ. என்பது செல்லுக்குள் நடப்பதை வெளியே எடுத்துக் காட்டும் தட்டு. உள்ளே வைரஸ் இருந்தால் அதன் புரதத் துணுக்கு ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டும். கொல்லும் டி செல்கள் பார்த்துவிட்டுத் தாக்கும். ஒவ்வொருவர் தட்டின் வடிவமும் வேறு. பி*57 தட்டில் பொருந்தும் துணுக்குகளில் சில வைரஸின் உட்கூடான காக் புரதத்திலிருந்து வருபவை. தப்பிக்க வேண்டுமானால் வைரஸ் அந்த இடத்தை மாற்ற வேண்டும். மாற்றினால் அதன் பெருகும் வலிமை குறைகிறது. தப்பித்தாலும் நொண்டிக்கொண்டுதான் ஓட வேண்டும்.

2000ஆம் ஆண்டில் வந்த ஓர் ஆய்வு: மருந்தில்லாமல் நெடுங்காலம் நோய் முற்றாமல் இருந்த 13 பேரில் 11 பேரிடம் பி*57:01 இருந்தது. நோய் முற்றியவர்கள் 200 பேரில் 19 பேரிடம். உங்கள் நம்பிக்கை இங்கிருந்துதான் பிறந்திருக்க வேண்டும்.

ஜனவரி 15, காலை 6.50

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். 13இல் 11 என்பதைப் பார்த்ததும் யாருக்கும் நெஞ்சு நிமிரும். அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நோய் முற்றியவர்களிலும் 19 பேர் இதே மரபணுவை வைத்திருந்தார்கள். மருந்தில்லாமல் வைரஸை முழுமையாக அடக்குபவர்கள் தொற்றுள்ளவர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பி*57:01 உள்ளவர்கள் அதைவிடப் பல மடங்கு. அடக்குபவர்களில் பலரிடம் இந்த மரபணு உண்டு. இந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோர் அடக்குவதில்லை. இரண்டும் ஒன்றாக உண்மைதான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மருந்து தொடங்கும் முன் உங்கள் வைரஸ் சுமை எவ்வளவு இருந்தது? பழைய கோப்பில் இருக்கும். உங்கள் உடல் தானாக அடக்கியதா என்பதற்கு உங்களிடம் உள்ள ஒரே சாட்சி அந்த எண்.

ஜனவரி 15, இரவு 10.10

பார்த்துச் சொன்னதற்கு நன்றி. ஒரு லட்சத்து முப்பதாயிரம். அடக்கவில்லை, நண்பரே. அதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை.

ஜனவரி 18, மாலை 5.00

இன்று வேலை சீக்கிரம் முடிந்தது. மரபணு மாறுபாடு பதுக்கத்தை எவ்வளவு பாதிக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன் அதை எப்படி அளக்கிறோம் என்று சொன்னால் எண்களை நம்புவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

ரத்தக் குழாயைச் சுழற்றி எடுத்தால் அடியில் சிவப்பணுக்கள், மேலே வெளிர் மஞ்சள் பிளாஸ்மா, நடுவே வெண்புகை போல ஒரு மெல்லிய வளையம். எனக்கு வேண்டிய செல்களெல்லாம் அந்த வளையத்தில். பிப்பெட் நுனியை வளையத்தின் ஓரமாக வைத்து உறிஞ்சும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன், கை அசைந்தால் அடுக்குகள் கலந்துவிடும். பிறகு சிடி4 செல்களைப் பிரித்து, டி.என்.ஏ.வை எடுத்து, ஏறக்குறைய 20,000 எண்ணெய்த் துளிகளாக உடைத்து, ஒவ்வொரு துளியிலும் வைரஸைத் தேடுகிறோம். வைரஸின் ஒரு முனை இருந்தால் நீலம், இன்னொரு முனை இருந்தால் பச்சை. இரண்டும் ஒரே துளியில் ஒளிர்ந்தால் அது முழுமையான வைரஸாக இருக்க வாய்ப்பு உண்டு. திரையில் ஆயிரக்கணக்கான கறுப்புப் புள்ளிகள், நீலம் கொஞ்சம், பச்சை கொஞ்சம், இரு நிறப் புள்ளி இரண்டோ மூன்றோ. மருந்தில் இருப்பவர்களிடம் காணும் வைரஸ் டி.என்.ஏ.வில் 90 சதவீதத்துக்கு மேல் உடைந்து பயனற்றுப் போனவை. ஆபத்து அந்த இரண்டு மூன்றில்தான்.

சுவிட்சர்லாந்தின் எச்.ஐ.வி. தொடர் ஆய்வில், மருந்தால் நன்கு அடங்கிய 797 பேரின் முழு மரபுத்தொகுதியையும் அலசி, பதுக்கத்தின் அளவோடும் அது கரையும் வேகத்தோடும் பொருத்திப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. எந்த ஒரு பொதுவான மாறுபாடும் தேறவில்லை. பி*57:01கூட, சி.சி.ஆர்.5 என்ற மரபணுவில் வரும் 'டெல்டா 32' என்ற குறைகூட. அதே தொடர் ஆய்வில் 1,057 பேரைப் பார்த்தபோது தெளிவாகத் தென்பட்டவை வேறு: மருந்துக்கு முன் வைரஸ் சுமை எவ்வளவு, மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்கினார்கள், இடையில் வைரஸ் லேசாகத் தலைகாட்டியதா என்பவை.

ஆகவே மருந்தில் இருக்கும்போது மரபணுவுக்கு வேலையே இல்லை.

ஜனவரி 19, காலை 6.30

நேற்றைய கடைசி வரியைத் திருத்துகிறேன். அவசரப்பட்டு எழுதிவிட்டேன், அது தவறு.

முதலாவது, சுவிஸ் ஆய்வு அளந்தது மொத்த வைரஸ் டி.என்.ஏ.வை. உடைந்ததும் முழுமையானதும் அதில் ஒன்றாகத்தான் எண்ணப்படும். குப்பையோடு சேர்த்து எடை போட்டால் உள்ளே கிடக்கும் குண்டுமணி எடை தெரியாது. நானே அதற்கு முந்தைய பத்தியில் 90 சதவீதம் என்று எழுதிவிட்டு அதை மறந்திருக்கிறேன்.

இரண்டாவது, 2023இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு மரபணுக்களின் புரதம் எழுதும் பகுதிகளைப் படித்து, எம்.எக்ஸ்.1 (வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரானின் வழியில் வேலை செய்யும் மரபணு), சி.சி.ஆர்.5, எச்.எல்.ஏ. முதல் வகுப்பு ஆகியவற்றின் மாறுபாடுகளுக்கும் பதுக்கத்தின் அளவுக்கும் தொடர்பு கண்டது. ஆய்வில் இருந்தவர்கள் தானாக அடக்குபவர்கள் அல்லர், மருந்தால் அடங்கியவர்கள். உங்களைப் போல, அண்ணனைப் போல.

மூன்றாவதைத்தான் நான் முதலில் யோசித்திருக்க வேண்டும். மருந்துக்கு முந்தைய வைரஸ் சுமை பதுக்கத்தைத் தீர்மானிக்கிறது என்றேன். அந்தச் சுமையைத் தீர்மானித்ததில் மரபணுவுக்குப் பங்கு உண்டே! ஐரோப்பிய வம்சாவளியினர் 6,315 பேரை வைத்து 2015இல் போட்ட கணக்கில், ஆளுக்கு ஆள் சுமை வேறுபடுவதில் சுமார் 25 சதவீதம் மனித மரபணுவால் விளக்கப்பட்டது. மரபணு தன் பங்கைப் பெரும்பாலும் மாத்திரைக்கு முன்பே செலுத்திவிடுகிறது. நாம் அளக்கும் பதுக்கம் அந்தச் சண்டை ஓய்ந்தபின் களத்தில் கிடப்பது. உங்களிடம் இப்போதைக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது.

ஜனவரி 23, இரவு 9.15

சி.சி.ஆர்.5 பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார்: எலும்பு மஜ்ஜை மாற்றிக் குணமானவர்களின் கதை மரபணுதான் எல்லாம் என்று காட்டவில்லையா?

நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தேன். பெரும்பாலான எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் கதவு சி.சி.ஆர்.5. அந்த மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டு, தாய் வழியும் தந்தை வழியும் அப்படியே வந்திருந்தால் கதவே இருக்காது. ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் ஒரு சதவீதம் பேர் அப்படி. 'பெர்லின் நோயாளி' டிமோதி ரே பிரவுனுக்கு ரத்தப் புற்றுநோய்க்காக அத்தகைய கொடையாளியின் செல்களை 2007இலும் 2008இலும் செலுத்தினார்கள். மருந்தில்லாமல் 2020இல் இறக்கும்வரை எச்.ஐ.வி. அவருக்குத் திரும்பவில்லை, அவரைக் கொண்டுபோனது திரும்ப வந்த புற்றுநோய். பிறகு லண்டனின் ஆடம் காஸ்டிலெஹோ, டியூசல்டார்ஃப் நோயாளி என்று வரிசை நீண்டது.

பாஸ்டனில் இரண்டு பேருக்குச் சாதாரண சி.சி.ஆர்.5 உள்ள கொடையாளிகளின் செல்கள் கிடைத்தன. பதுக்கம் எந்தப் பரிசோதனையிலும் தென்படவில்லை. மருந்தை நிறுத்தினார்கள். ஒருவருக்கு 12 வாரத்தில், மற்றவருக்கு 32 வாரத்தில் வைரஸ் எழுந்து வந்தது. 'தென்படவில்லை' என்ற சொல்லை ஆய்வகத்தில் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த 32 வாரம் நினைவுக்கு வரும்.

கதை அங்கே முடிந்திருந்தால் கதவுதான் எல்லாம் என்று சொல்லிவிடலாம். ஜெனீவா நோயாளிக்கும் சாதாரணக் கதவு உள்ள கொடையாளிதான். 2021 நவம்பரில் மருந்தை நிறுத்தினார், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் வைரஸ் வரவில்லை. 2024இல் அறிவிக்கப்பட்ட இரண்டாவது பெர்லின் நோயாளியின் கொடையாளிக்குப் பாதிக் கதவு, ஒரு பிரதியில் மட்டும் குறை. இவர்களில் பதுக்கத்தை அழித்ததில் கொடையாளியின் செல்கள் பழைய செல்களைத் தேடிக் கொன்றதற்குப் பெரும் பங்கு. புதிய செல்களின் மரபணு காவல் வேலையைச் செய்திருக்கிறது.

இது புற்றுநோயால் வேறு வழியில்லாதவர்களுக்குச் செய்யும் சிகிச்சை. உயிரைப் பணயம் வைப்பது. எச்.ஐ.வி.க்காக மட்டும் யாரும் செய்யமாட்டார்கள், செய்யவும் கூடாது.

ஜனவரி 24, காலை 7.05

மேலே கேட்டவருக்கு: ஆம், ஒரு பிரதி குறைந்தவர்களுக்கும் தொற்று வரும். நோய் மெதுவாக முற்றும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 2, இரவு 10.45

இந்த இழையைத் தொடங்கியபோது எழுத வேண்டும் என்று நினைத்து, குழப்பிவிடுமோ என்று தள்ளிப்போட்ட ஒன்று.

பிரான்சில் 'விஸ்கான்டி' என்ற ஆய்வு, 2013. தொற்றிய பத்து வாரத்துக்குள் மருந்தைத் தொடங்கி, சில ஆண்டுகள் எடுத்து, பிறகு நிறுத்தியும் வைரஸ் அடங்கியே இருந்த 14 பேர். இவர்களிடம் பி*57, பி*27 போன்ற 'நல்ல' மரபணுக்கள் நிறைந்திருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அவை அரிதாகவே இருந்தன. நோயை வேகப்படுத்துவதாகப் பெயர்பெற்ற பி*35 அதிகம் இருந்தது.

முதன்முதலில் படித்தபோது அட்டவணையின் தலைப்புகளை மாற்றி அச்சடித்துவிட்டார்களோ என்று மீண்டும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. 'கெட்ட' மரபணுக்காரர்களுக்குத் தொற்றின் தொடக்கத்திலேயே அறிகுறிகள் கடுமையாக வந்து, அதனால் சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்டு, சீக்கிரம் மருந்து தொடங்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். கொல்லும் டி செல்லை நம்பாமல் வேறு வழியில், இயற்கைக் கொலைச் செல்களின் துணையோடு, உடல் சமாளித்திருக்கலாம் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் நியாயம் தெரிகிறது. எப்படியானாலும், மருந்துக்கு முன் நல்லது செய்யும் மரபணு மருந்துக்குப் பின்னும் நல்லது செய்யும் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

உங்கள் மனம் எங்கே போகும் என்று தெரியும்: "அப்போது என்னால் முடியுமா?" நீங்கள் தொற்றிப் பல ஆண்டுகள் கழித்துத் தொடங்கியவர் என்று எழுதியிருந்தீர்கள். மருந்தை நிறுத்துபவர்களில் பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரத்தில் வைரஸ் திரும்புகிறது. 5,472 பேரைக் கொண்ட 'ஸ்மார்ட்' ஆய்வில், சிடி4 அளவைப் பார்த்து விட்டுவிட்டு மருந்து எடுத்தவர்களுக்கு நோயோ மரணமோ நேரும் ஆபத்து, தொடர்ந்து எடுத்தவர்களைப் போல 2.6 மடங்கு. அதனால்தான் அந்த ஆய்வையே 2006இல் இடையில் நிறுத்தினார்கள்.

பிப்ரவரி 3, காலை 6.40

இன்னொரு திருத்தம். ஜனவரி 12 குறிப்பில் நான் வைத்த படம் குறையுடையது. தைக்கப்பட்ட செல்கள் ஓய்வில் கிடக்கின்றன என்று மட்டும் சொன்னேன். அவை பெருகவும் செய்கின்றன. செல் இரண்டாகும்போது உள்ளே இருக்கும் வைரஸும் இரண்டாகிறது, வைரஸ் ஒரு புரதத்தைக்கூடச் செய்யாமலே. பதுக்கம் பாதியாகக் குறைய 44 மாதம் ஆகும் என்ற பழைய கணக்கு இன்னமும் எங்கும் சுற்றுகிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் வரை மருந்தில் இருந்தவர்களை அளந்து 2023இல் வெளியான ஆய்வில், சுமார் ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு குறைவது நின்று, மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. உங்களுடைய ஒன்பது ஆண்டு, கரைந்து தீர்வதை நோக்கிய ஒன்பது ஆண்டு அல்ல.

எந்தச் செல் அதிகம் பெருகும்? வைரஸ் நம் டி.என்.ஏ.வில் எங்கே போய் விழுந்தது என்பதையும் பொறுத்தது. பி.ஏ.சி.எச்.2 போன்ற, செல்லின் வளர்ச்சியோடு தொடர்புள்ள மரபணுக்களுக்குள் விழுந்த வைரஸைச் சுமக்கும் செல்கள் பெருங்கூட்டமாகப் பெருகியிருப்பதை 2014இல் கண்டார்கள். அது பெற்றோரிடமிருந்து வந்ததல்ல. வைரஸ் விழுந்த இடம், அவ்வளவே. பரம்பரையில் தேடி இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பிப்ரவரி 10, இரவு 8.00

மேலே நான் காட்டிய எண்களை இன்று வரிசையாகப் பார்த்தேன். 797 பேர் சுவிட்சர்லாந்தில். 6,315 பேர் ஐரோப்பிய வம்சாவளி. டெல்டா 32 ஐரோப்பியரிடம். உலகில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களில் மிகப் பெரும் பங்கினர் ஆப்பிரிக்காவில். இது எனக்குக் கோபத்தைத் தருகிறது, மறைக்க விரும்பவில்லை.

ஆப்பிரிக்க வம்சாவளியினர் கிட்டத்தட்ட 3,900 பேரைத் தேடிப் பார்த்து 2023இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முதல் குரோமோசோமில், சி.எச்.டி.1.எல். என்ற மரபணுவுக்கு அருகில், மருந்தில்லாதபோது வைரஸ் சுமையைக் குறைக்கும் மாறுபாடு ஒன்று கிடைத்தது. அது ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மட்டுமே காணப்படுவது. ஐரோப்பியரை இன்னும் ஐம்பதாயிரம் பேர் சேர்த்துத் தேடியிருந்தாலும் அகப்பட்டிருக்காது. இது மருந்துக்கு முந்தைய சுமை பற்றிய கண்டுபிடிப்பு. மருந்தில் இருப்பவர்களின் பதுக்கத்தை இதே அகலத்தில் தேட வேண்டும். ஜனவரி 18 அன்று 'தேறவில்லை' என்று நான் எழுதியதை 'அந்த 797 பேரில் தேறவில்லை' என்று படித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 22, மாலை 6.30

நேற்று அண்ணன் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தார். எங்கள் ஆய்வகத்தில் அல்ல, உறவினர் மாதிரியை நான் தொடக் கூடாது. எட்டுக் குழாய். கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே, "தம்பி, இதில் என் மரபணுவில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடுமா?" என்றார். ஆயிரக்கணக்கானவர்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும், உங்களுக்கென்று தனியாகப் பதில் வராது என்றேன். "சரி, மாத்திரை நேரம் ஆகிறது" என்று எழுந்தார்.

கேள்வி கேட்ட நண்பர் காலையில் எழுதியிருக்கிறார்: மாத்திரையை விடவில்லை, மருத்துவர் அபாகாவிர் இல்லாத கலவைக்கு மாற்றியிருக்கிறார், கோப்பின் முகப்பில் சிவப்பு மையில் அந்த மருந்தின் பெயரைக் குறுக்குக் கோடிட்டு எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு மருத்துவரிடம் போகும்போது முதலில் அதைக் காட்டுங்கள்.